புரட்டிப் பார்த்தல்

எங்கள் பட்டறையின் கிழக்குச் சுவரில் பழைய மூலைமட்டம் ஒன்று தொங்குகிறது. ஈட்டி மரப் பிடியும் இரும்பு அலகும் கொண்ட அக்கருவி, எங்கள் தந்தையார் தம் வாழ்நாளெல்லாம் கையாண்டது. அதற்கு எதிரே, பட்டறையின் பாதியை அடைத்துக்கொண்டு, 2019-ஆம் ஆண்டில் கடன்பட்டு நாங்கள் வாங்கிய மரம் செதுக்கும் இயந்திரம் நிற்கிறது. சி.என்.சி. என்னும் மூன்றெழுத்துப் பெயரால் அனைவரும் அதை அழைக்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, 2023-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

‘நாங்கள்’ என்பது அண்ணனும் தம்பியுமாகிய இருவர். இதில் எதைச் செய்தவர் எவர் என்று பிரித்துச் சொல்லப்போவதில்லை. நற்செயலாக இருந்தால் ஒருவேளை பிரித்துக்கொண்டிருப்போம். இங்கே சொல்லவிருப்பது ஒரு தவறு. ஆகவே அது இருவருக்கும் பொதுவாகவே இருக்கட்டும்.

அவ்வியந்திரத்தைக் கண்டிராதவர்களுக்காக அதன் அமைப்பைச் சிறிது விளக்க வேண்டும். ஒரு கட்டிலைப்போன்ற நீண்ட மேசை. அதன் இருபுறமும் இரண்டு தண்டவாளங்கள். அத்தண்டவாளங்களின்மேல் ஏறி, மேசைக்குக் குறுக்கே ஒரு பாலம் முன்னும் பின்னும் நகரும். அப்பாலத்தின்மீது, மரத்தைக் குடையும் பிட்டைத் தாங்கிய ஸ்பிண்டில் இடமும் வலமுமாக ஓடும். மேலும் கீழுமாக இறங்கி ஏறும். கணிப்பொறியில் வரைந்த கோடு எதுவோ, அக்கோட்டின் வழியே பிட் மரத்தில் நடந்து செல்லும். பாலம் தண்டவாளத்துக்குச் சரியான செங்கோணத்தில் இருக்கும்வரை, கணிப்பொறியில் வரைந்த சதுரம் மரத்திலும் சதுரமாகவே பிறக்கும். பாலத்தின் ஒரு முனை மறுமுனையைவிடச் சற்று முந்தி நின்றாலோ, சதுரம் சாய்சதுரமாகும். ஆனால் இயந்திரத்துக்கு அது தெரியாது. தன் கணக்கில் அது எப்போதும் சரியாகவே வெட்டிக்கொண்டிருக்கும்.

தந்தையார் மறைந்த பின்பும் எங்களோடு இருந்தவர், அவரோடு இளமை முதல் உழைத்த தச்சர் ஒருவர். அவரை நாங்கள் மாமா என்றே அழைப்போம். அவருக்கு அப்போது எழுபதை எட்டும் வயது. இயந்திரம் வந்த பிறகு செதுக்கு வேலை முழுவதும் எங்களிடம் வந்தது. சட்டம் கூட்டுதல், பொளி எடுத்தல், இழைத்தல் ஆகியவை அவரிடம் எஞ்சின. அவர் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை. இயந்திரம் ஒரு பூவிதழைக் குடைந்து முடிக்கும்வரை கைகட்டி நின்று பார்ப்பார். “நல்லாத்தான் செய்யுது” என்று சொல்லிவிட்டுத் தம் இழைப்புளிக்குத் திரும்புவார்.

அவ்வாண்டு தவக்காலத் தொடக்கத்தில், தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூர்ப் பங்கிலிருந்து எங்களுக்கு ஒரு வேலை வந்தது. ஆலயத்தில் புனித சூசையப்பர் சுரூபத்துக்குப் பின்னே நிறுத்த, தேக்கில் ஒரு ஜாலித் தடுப்பு வேண்டும். மே முதல் நாள் திருநாளுக்குள் அது தயாராக வேண்டும். தொழிலாளரான சூசையப்பரின் அத்திருநாளை 1955-ஆம் ஆண்டில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தினார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். தச்சருக்குத் தச்சர் செய்யும் வேலை என்று மாமா மிகுந்த மகிழ்ச்சியோடு அதை ஏற்றார்.

தடுப்பு இரண்டு பாதிகளாலானது. ஒவ்வொன்றும் 1200 மில்லிமீட்டர் உயரம், 450 மில்லிமீட்டர் அகலம். லீலி மலர்க் கொடி ஒன்று இரு பாதியிலும் படர்ந்து, நடுவே வந்து ஒன்றுகூடும். ஜாலி என்பது பலகையை ஊடுருவ வெட்டுவது. முன்பக்கம், பின்பக்கம் என்னும் வேறுபாடு அதற்கில்லை. எனவே ஒரே வரைபடத்தை இருமுறை வெட்டி, ஒன்றை மட்டும் புரட்டி நிறுத்தினால் வலமும் இடமும் அமைந்துவிடும். பலகைகளை மேசைக்குக் குறுக்கே கிடத்தி இரண்டையும் ஒரே நாளில் வெட்டி முடித்தோம். வெட்டிய நிலையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளிம்பைத் தடவிப் பார்த்தோம். ஒரே பலகையைப்போல் விரலுக்கு வழுவழுவென்றிருந்தது. எங்களுக்கு ஏற்பட்ட பெருமிதத்துக்கு அளவில்லை.

இவ்விரு பாதிகளையும் தாங்கி நிற்கும் அடிச்சட்டத்தையும், மேலே மூடும் மேற்சட்டத்தையும் மாமா கையால் இழைத்திருந்தார். அடிச்சட்டத்தின்மேல் இரு பாதிகளையும் சேர்த்து நிறுத்தியபோதுதான் அக்குறை கண்ணில் பட்டது. அடியில் இரண்டும் இணைந்து நின்றன. மேலே செல்லச் செல்ல விலகின. உச்சியில் 5 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு தீக்குச்சிகளைச் சேர்த்து நுழைக்கலாம். கூட வேண்டிய லீலி மலர் இரண்டாகப் பிளந்து நின்றது.

காரணம் எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. அல்லது விளங்கிவிட்டதாக எண்ணினோம். அடிச்சட்டத்தின் நடுவில் மேடு இருக்கிறது. நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மேடிருந்தாலே, அதன்மேல் நிற்கும் இரண்டு பாதிகளும் வெளிப்புறம் சாய்ந்து, உச்சியில் இப்படி விலகும். கணக்குச் சரியாகவே இருந்தது. வயதான கண், வயதான கை. இழைப்பில் ஒரு மில்லிமீட்டர் தவறுவது இயல்புதானே?

மாமா ஒன்றும் சொல்லாமல் மட்டப்பலகையை எடுத்து அடிச்சட்டத்தின்மேல் வைத்தார். குனிந்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தார். மேடு இருந்தால் பலகையின் கீழே வெளிச்சம் கசியும். கசியவில்லை.

“மேடு இல்லே தம்பி. வெட்டுல இருக்கான்னு பாருங்க.”

“மெஷின் பொய் சொல்லாது மாமா. உங்க மட்டப்பலகையே வளைஞ்சிருக்கும்.”

இதைச் சொன்னவர் எவர் என்பது இங்கே வேண்டாம். மற்றவர் மறுக்கவில்லை என்பதைச் சொன்னால் போதும். அருகே இரண்டு இளைஞர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்; அவர்கள் காதிலும் அது விழுந்தது. மாமா மட்டப்பலகையைத் துணியால் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். பிறகு முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

அதன்பின் நாங்கள் செய்ததுதான் இன்று நினைத்தாலும் நாணத்தைத் தருவது. அடிச்சட்டத்தை எடுத்து, நடுவில் இருப்பதாக நாங்கள் நம்பிய மேட்டை நாங்களே இழைத்தோம். மீண்டும் பாதிகளை நிறுத்தினோம். இடைவெளி மூடிக்கொண்டது! லீலி மலர் ஒன்றுகூடியது. எங்கள் கூற்று மெய்ப்பிக்கப்பட்டதாக ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டோம். தவறான ஒன்றுக்கு ஏற்பச் சரியான ஒன்றை வளைத்தாலும் இரண்டும் பொருந்தவே செய்யும் என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை. பொருத்தம் வேறு, நேர்மை வேறு.

இரண்டு நாட்களுக்குப் பின் மேற்சட்டத்தை ஏற்றினோம். அது இரு ஓரங்களில் மட்டும் அமர்ந்து, நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூக்கி நின்றது. இதுவும் மாமா இழைத்ததுதான். முதல் எண்ணம் முன்போலவே எழுந்தது: இதுவும் வளைவு. ஆனால் இம்முறை எங்களில் ஒருவர், ஏனென்று தெரியாமலே, மேற்சட்டத்தைத் தலைகீழாகப் புரட்டி வைத்தார். வளைவு சட்டத்தில் இருந்தால், புரட்டியதும் நடு அமர்ந்து ஓரங்கள் தூக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. நடுவே அதே இடைவெளி, அதே அளவில், அதே இடத்தில் இருந்தது. மேற்சட்டம் நேரானது. குறை அதற்குக் கீழே இருந்தது.

இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

பிறகு இரு பாதிகளையும் இறக்கி மேசையில் கிடத்தினோம். வெட்டிய திசையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தபோது முன்போலவே ஒரே பலகையாக நின்றன. மேலே இருந்ததைப் புரட்டி, அடி விளிம்புகளைச் சேர்த்து வைத்தோம். உச்சியில் 5 மில்லிமீட்டர் விலகி நின்றது. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தவை; ஆகவே ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கவில்லை. ஒன்றைத் திருப்பியதும் இரண்டின் சாய்வும் எதிரெதிராக நின்று, பிழை இரட்டிப்பாகத் தெரிந்தது. உண்மையான சாய்வு 1200-க்கு இரண்டரை மில்லிமீட்டர்.

மூலைமட்டத்தைச் சோதிக்கும் முறையும் இதுவேதான். எங்கள் தந்தையார் எங்களுக்கு முதலில் கற்றுத் தந்த பாடம் அது. நேரான விளிம்புள்ள ஒரு பலகையில் மூலைமட்டத்தின் பிடியைச் சேர்த்து வைத்து, அலகின் ஓரமாக ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு மூலைமட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து மற்றொரு கோடு இழுக்க வேண்டும். இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டால் மட்டம் சரி. கத்தரிக்கோல்போல் விரிந்தால் மட்டம் தவறு. விரிந்த அளவில் பாதிதான் உண்மையான பிழை. இதற்கு வேறொரு மூலைமட்டம் தேவையில்லை. கருவி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளலாம். ஆனால் தன்னைத் திருப்பிக்கொள்ளச் சம்மதித்தால் மட்டுமே. சிறுவயதில் கற்ற இந்தப் பாடத்தை, விலையுயர்ந்த இயந்திரம் வந்ததும் மறந்துவிட்டோம்.

அன்றிரவே இயந்திரத்தைச் சோதிக்கத் தொடங்கினோம். பெரிய எம்.டி.எஃப். பலகை ஒன்றை மேசையில் இறுக்கி, நான்கு மூலைகளில் 6 மில்லிமீட்டர் துளைகள் இடச் செய்தோம். பாலத்தின் வழியே 1200, தண்டவாளத்தின் வழியே 1600. இந்த அளவுகளைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கொத்தனாரும் தச்சரும் அறிந்த மூன்று-நான்கு-ஐந்து கணக்கு இது: 1200-உம் 1600-உம் செங்கோணத்தில் கூடினால் மூலைவிட்டம் மிகச் சரியாக 2000 வரும். துளைகளில் ஒரே பருமனுள்ள இரும்பு முளைகளைச் செருகி, ஒரே டேப்பால், ஒரே ஆள், ஒரே இழுப்பில் இரு மூலைவிட்டங்களையும் அளந்தார். ஒன்று 2002. மற்றொன்று 1998.

இச்சோதனையின் சிறப்பை இங்கே குறிப்பிட வேண்டும். டேப் தவறாக இருந்தாலும் இச்சோதனை பலிக்கும். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாயிருக்கும் ஒரு நாற்கரத்தில் இரு மூலைவிட்டங்களும் சமமாயிருந்தால் மூலைகள் செங்கோணம், சமமில்லையேல் இல்லை. எண் எதுவாயினும் கவலையில்லை. ஒரு மூங்கில் கழியில் அடையாளம் செய்துகூட ஒப்பிட்டுவிடலாம். நூறு விழுக்காடு பிழையற்ற அளவுகோல் கையில் இல்லை என்பது, நேர்மையைச் சோதிக்காமல் இருப்பதற்குச் சாக்காகாது.

அடுத்து, பாலம் ஏன் சாய்ந்தது என்னும் கேள்வி எழுந்தது. எங்கள் இயந்திரத்தில் பாலத்தின் இரு முனைகளையும் தனித்தனி மோட்டார்கள் இழுக்கின்றன. காலையில் மின்சாரம் கொடுத்ததும் பாலம் பின்னோக்கி நகர்ந்து, தன் தொடக்க இடத்துக்குச் செல்லும். ஒவ்வொரு முனையிலும் ஒரு சென்ஸர் உண்டு. அது தனக்குரிய சிறு இரும்புத் தகட்டைக் கண்டதும் அந்தப் பக்கத்து மோட்டார் நின்றுவிடும். அதாவது, நாள்முழுதும் பாலம் நேராக நிற்குமா என்பது, காலையில் அவ்விரண்டு தகடுகளும் எங்கே இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. வலப்பக்கத் தகட்டை விளக்கொளியில் பார்த்ததும் நினைவு வந்தது. சில வாரங்களுக்கு முன், மரத்தூளைக் கூட்டும்போது துடைப்பக்கட்டை இடித்து அத்தகடு நகர்ந்துவிட்டது. அவசரமான வேலை இருந்தது. பழைய இடம் கிட்டத்தட்ட இதுதான் என்று கண்ணளவில் வைத்துத் திருகை இறுக்கினோம். அதன்பின் சோதிக்கவில்லை.

‘கிட்டத்தட்ட’ என்னும் அச்சொல் எங்களை அன்றிரவு முழுவதும் துளைத்துக்கொண்டிருந்தது. இயந்திரம் பொய் சொல்லவில்லைதான். நாங்கள் அதன் வாயில் வைத்த பொய்யை, நாள்தோறும் உண்மையென்று நம்பி, தவறாமல் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. இடையே செய்த கட்டில் தலைப்பலகைகளிலும் பெயர்ப்பலகைகளிலும் அச்சாய்வு இருந்திருக்கத்தான் வேண்டும். தனித்து நின்றவற்றில் எவரும் கவனிக்கவில்லை. சட்டத்துள் பொருத்தியவற்றைச் சுற்றுப்பட்டி மறைத்துவிட்டது. ஒரே மாதிரியான பல பொருள்களை அடுக்கினாலும் அவை ஒன்றுக்கொன்று பொருந்தவே செய்தன. எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் கூட்டத்தில் சாய்வு என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

திருத்தம் எளிதாக முடியவில்லை. 1200-க்கு இரண்டரை என்றால், தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட 1500-க்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவு தகட்டை நகர்த்தி, பாலத்தை மீண்டும் தொடக்க இடத்துக்கு அனுப்பி, புதிய துளைகள் இட்டு அளந்தோம். 4 என்றிருந்த வேறுபாடு 8 ஆகியிருந்தது, எதிர்த்திசையில் நகர்த்திவிட்டோம்! தவறை ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் திருத்தம் வந்துவிடுவதில்லை; அதிலும் திசை தவறலாம் என்பது அன்றைய இரண்டாம் பாடம். மறுபுறம் நகர்த்தினோம். வேறுபாடு இரண்டாயிற்று, பிறகு ஒன்று, நள்ளிரவு கடந்தபோது அரை மில்லிமீட்டருக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் பாலத்தை முழுவதுமாகத் திரும்ப அனுப்பி, புதுத் துளை இட்டே அளந்தோம். பழைய துளையை மறுபடி அளப்பதில் பயனில்லை.

மறுநாள் ஸ்பிண்டிலையும் சோதித்தோம். அது மேசைக்குச் செங்குத்தாக இல்லாவிடில், அகன்ற பிட்டால் பரப்பைச் சீவும்போது மீன் செதிலைப்போன்ற வரிகள் விழும். வளைந்த கம்பி ஒன்றின் நுனியில் டயல் மானியைக் கட்டி, மறுமுனையை ஸ்பிண்டிலில் பிடித்துக் கையால் வட்டமாகச் சுற்றினால், எப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று முள் காட்டும். தாழ்வைக் கண்ட பக்கத்தில் மெல்லிய தகட்டைச் செருகிச் சரிசெய்தோம். பாலம் முதலில், ஸ்பிண்டில் பிறகு. அடிப்படை சாய்ந்திருக்க, அதன்மேல் நிற்பதை நிமிர்த்திப் பயனில்லை.

இயந்திரம் சரியாயிற்று. ஆனால் சுவரில் தொங்கிய மூலைமட்டத்தை நிமிர்ந்து பார்க்க எங்களால் இயலவில்லை.

அந்நாட்களில் எங்கள் உள்ளத்தில் ஓடிய எண்ணங்கள் சிலவற்றை இங்கே சொல்வது பொருந்தும். ‘நார்மல்’ என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல்லின் வேர், ‘நோர்மா’ என்னும் இலத்தீன் சொல். தச்சரின் மூலைமட்டத்துக்கு உரோமையர் இட்ட பெயர் அது. திருச்சபைச் சட்டத்தைக் ‘கானன்’ சட்டம் என்கிறோம். கிரேக்க மொழியில் அச்சொல் நேரான அளவுகோலைக் குறித்தது. மனிதர் தம் வாழ்வின் நெறிக்குப் பெயர் தேடியபோது தச்சுப்பட்டறைக்குள் வந்து எடுத்துச் சென்றிருக்கிறார்கள். அவ்வாறாயின், பட்டறைக்குள்ளேயே இருக்கும் நாங்கள் அதைத் தவறவிட்டது எப்படி?

மற்றொன்றும் நினைவுக்கு வந்தது. மயிலையோடும் பரங்கிமலையோடும் மரபு இணைத்துப் பேசும் புனித தோமையார், மேலைநாட்டு ஓவியங்கள் பலவற்றில் கையில் மூலைமட்டத்தோடு காட்சி தருகிறார். ‘தோமாவின் பணிகள்’ என்னும் பழைய நூல் அவரை, இந்திய மன்னன் ஒருவனுக்கு அரண்மனை கட்ட வந்த தச்சராகச் சித்திரிப்பதே அதற்குக் காரணம். கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலராகவும் அவர் போற்றப்படுகிறார். ஐயப்பட்டவர் என்று நாம் சற்றே குறைவாக எண்ணும் அத்திருத்தூதரின் கையில்தான் மூலைமட்டம் இருக்கிறது. காயத்தைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றார் அவர். தொட்டுப் பார்க்க இடமும் அளிக்கப்பட்டது. நாங்களோ தொட்டுப் பார்க்காமலே நம்பினோம். இரும்பையும் மின்சாரத்தையும் நம்பினோம். நாற்பது ஆண்டு நேர்மையை ஐயுற்றோம். ஐயம் தவறன்று, அது எங்கள் பக்கம் திரும்பாமல் அவர் பக்கம் மட்டும் திரும்பியதே தவறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின் மாமாவின் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து, உள்ளே திரும்பிக் காப்பி போடச் சொன்னார். வழியெல்லாம் ஆயத்தம் செய்துகொண்டு போன சொற்கள் ஒன்றும் வரவில்லை.

“தப்பு எங்களோடது மாமா. மெஷின் சாஞ்சிருந்தது.”

“எவ்வளவு?”

“நாலடிக்கு ரெண்டரை மில்லி.”

தலையை அசைத்தார். மகிழ்ந்ததாகவும் தெரியவில்லை, வென்றுவிட்டதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. சிறிது நேரம் கழித்து ஒன்று கேட்டார்.

“அடிச்சட்டத்தை என்ன பண்ணினீங்க?”

இக்கேள்வியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மறைக்கவும் இயலவில்லை. இழைத்துவிட்டோம் என்றோம். அவர் முகம் அப்போதுதான் மாறியது.

“நல்லாத்தானே இருந்தது தம்பி” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அவரைப் பழித்த சொல்லை அவர் தாங்கிக்கொண்டிருக்கிறார். நேராயிருந்த மரத்தைக் கோணலாக்கியதைத் தாங்கிக்கொள்ள அவரால் இயலவில்லை. நாங்கள் தலைகுனிந்து காப்பியைக் குடித்தோம். பிழையான தீர்ப்பு சொல்லோடு நின்றுவிடுவதில்லை. அது நல்லதாயிருக்கும் ஒன்றைத் தேடிச் சென்று இழைத்துவிட்டுத்தான் ஓய்கிறது.

பழித்தது பலர் முன்னிலையில். மன்னிப்பைத் திண்ணையில் மட்டும் கேட்டுவிட்டு அமைவது நியாயமன்று என்று தோன்றியது. மறுநாள் காலை அவர் பட்டறைக்கு வந்தபோது, அவ்விரு இளைஞர்களையும் அழைத்து, அவர்கள் முன்பாக நடந்ததைச் சொன்னோம். துளையிட்ட எம்.டி.எஃப். பலகையைக் காட்டி, மூலைவிட்டங்களை அவர்கள் கையாலேயே அளக்கச் செய்தோம். மாமா அதற்குள் தேக்குத் துண்டு ஒன்றைத் தேர்ந்து, புதிய அடிச்சட்டத்துக்குக் கோடு போடத் தொடங்கியிருந்தார். நாங்கள் பேசுவதை அவர் கேட்டாரா என்று தெரியவில்லை.

புதிய பலகைகளில் ஜாலியை மீண்டும் வெட்டினோம். தேக்கின் விலையும் ஒரு வார உழைப்பும் எங்கள் கணக்கில் நட்டம். அதைப் பெரிதாக எண்ணவில்லை. அந்த வாரங்களில் மாமாவின் மனத்தில் என்ன நட்டம் நேர்ந்தது என்பதைக் கணக்கிட எங்களிடம் கருவி இல்லை. அதன்பின் அவர் காலை நேரம் மட்டுமே வருகிறார். வயதாகிவிட்டது என்கிறார். அது முழுக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்கும் துணிவு எங்களுக்கு இன்னும் வரவில்லை.

இப்போது மாதந்தோறும் முதல் சனிக்கிழமை, வேலை தொடங்குமுன் நான்கு துளைகள் இட்டு மூலைவிட்டங்களை அளக்கிறோம். தகடு நகர்ந்தாலும் நகராவிட்டாலும் அளக்கிறோம். எண்களைத் தேதியோடு பென்சிலால் அப்பலகையிலேயே எழுதிவைக்கிறோம். முதல் வரிசையில் 4 என்றும், அதன் கீழே 8 என்றும் இருப்பதை அழிக்கவில்லை.

தடுப்பை இறுதியாகக் கூட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. புதிய பாதிகள் இரண்டையும் மாமாவின் முன் கிடத்தினோம். மூலைவிட்டம் பார்த்தாகிவிட்டது, அரை மில்லிமீட்டருக்குள் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தோம். அவர் காதில் வாங்கவில்லை. ஒன்றை எடுத்து மற்றதன்மேல் வைத்தார். உடனே அதைப் புரட்டி, அடி விளிம்புகளைச் சேர்த்து, உச்சியில் கட்டைவிரலால் தடவினார். ஒருமுறை தடவிவிட்டு, மீண்டும் ஒருமுறை தடவினார்.

“சரியா இருக்கு” என்றார். “பசையை எடுத்துட்டு வாங்க.”